இடுகாட்டில் இரண்டு வேலிகள்: ஜாஸ்பர் நகரமும் ஜேம்ஸ் பேர்ட் கொலையும்

1998 ஜூன் 6, சனிக்கிழமை இரவு. டெக்சாஸ் மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், பைன் காடுகளுக்கு நடுவே இருக்கிறது ஜாஸ்பர் என்ற சிறு நகரம். ஒரு விருந்துக்குப் போயிருந்த ஜேம்ஸ் பேர்ட் பின்னிரவில் வீட்டுக்கு நடந்து கொண்டிருந்தார். வயது 49. மூன்று பிள்ளைகளின் தகப்பன். வலிப்பு நோய் காரணமாக அரசு உதவித்தொகையில் காலம் தள்ளியவர். ஒரு காலத்தில் வீடு வீடாகத் தூசி உறிஞ்சும் இயந்திரம் விற்றிருக்கிறார். சிறு குற்றங்களுக்காகச் சிறை சென்றதும் உண்டு. நன்றாகப் பாடுவார். சொந்தமாக வண்டி இல்லாததால் எங்கு போனாலும் நடைதான். அவர் நடந்து போவதைப் பார்க்காதவர்கள் அந்த ஊரில் குறைவு. யாராவது வண்டியை நிறுத்தினால் ஏறிக்கொள்வார்.

அன்றும் ஒரு வண்டி நின்றது. 1982ஆம் ஆண்டின் சாம்பல் நிற ஃபோர்டு பிக்கப். உள்ளே மூன்று வெள்ளை இளைஞர்கள். ஓட்டியவன் ஷான் பெர்ரி, 23 வயது, ஊர்ப் பையன், உள்ளூர்த் திரையரங்கின் மேலாளர். பேர்டுக்குப் பழக்கமான முகம். உடன் இருந்தவர்கள் ஜான் வில்லியம் கிங், அவனும் 23 வயது உள்ளூர்க்காரன். லாரன்ஸ் ரஸல் புரூவர், 31 வயது, வெளியூரிலிருந்து வந்து இவர்களுடன் தங்கியிருந்தவன். பேர்ட் வண்டியின் பின்பகுதியில் ஏறி உட்கார்ந்தார். அந்த வழியாகப் போன ஓர் இளைஞர் முதலில் அவர் நடப்பதையும் சற்று நேரம் கழித்து அந்த வண்டியின் பின்னால் அவர் உட்கார்ந்திருப்பதையும் பார்த்திருக்கிறார். பின்னாளில் நீதிமன்றத்தில் இதைச் சொன்னார்.

வண்டி பேர்டின் வீட்டுப் பக்கம் போகவில்லை. ஊருக்கு வெளியே, மரம் வெட்டுவோர் பயன்படுத்தும் காட்டுத் தடத்துக்குப் போனது. அங்கே அவரை அடித்தார்கள். முகத்தில் கறுப்புப் பெயிண்டை அடித்தார்கள். பிறகு, வெட்டிய மரங்களை இழுக்கப் பயன்படும் சங்கிலியால் அவர் கணுக்கால்களை வண்டியின் பின்பக்கம் பிணைத்து, ஹஃப் க்ரீக் சாலை வழியாக ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தூரம் இழுத்துச் சென்றார்கள்.

அந்தச் சாலையை ஒட்டி வாழ்பவர்கள் பெரும்பாலும் கறுப்பின மக்கள். விடிந்தால் ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்துக்குக் கிளம்பும் நாள். கறுப்பினத்தவரின் பழைய இடுகாட்டுக்கு முன்னால், தலையும் வலது கையும் இல்லாத உடலைப் போட்டுவிட்டுப் போனார்கள். அவை ஒன்றரை கிலோமீட்டர் பின்னால், சாலையோர வடிகால் மதகின் அருகே கிடந்தன.

கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) காவல் தலைவரான ஷெரிஃப் பில்லி ரௌல்ஸ் முதலில் இதை ஏதோ வண்டி மோதிவிட்டு ஓடிய விபத்து என்றுதான் நினைத்தார். ஆனால் சாலையில் ஒரு தடம் தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தார்கள். உடலின் சிதறல்களும் பொருள்களும் கிடந்த ஒவ்வோர் இடத்தையும் பெயிண்டால் வட்டமிட்டுக்கொண்டே போனார்கள். ஒரு வட்டம் சாவிகளுக்கு. ஒரு வட்டம் பல்செட்டுக்கு. இப்படி ஏறத்தாழ 80 வட்டங்கள். தடம் முடிந்த காட்டுத் திட்டில் சிகரெட் துண்டுகள், பீர் பாட்டில்கள், திருகுக் கருவிகள். ஒரு ஸ்பேனரில் 'பெர்ரி' என்று பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. ஒரு சிகரெட் லைட்டரில் 'போஸம்' என்ற பெயரும் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் சின்னமும் செதுக்கப்பட்டிருந்தன. போஸம் என்பது சிறையில் கிங்குக்கு இருந்த பட்டப்பெயர்.

அன்று மாலையே போக்குவரத்து விதிமீறலுக்காக பெர்ரியின் வண்டி நிறுத்தப்பட்டது. விசாரித்ததும் அவன் வாய் திறந்தான். ஒரே நாளுக்குள் மூன்று பெயர்களும் கையில் இருந்தன. கொலை நடந்த முறையைப் பார்த்த ரௌல்ஸ், இது தன் அலுவலகம் மட்டும் கையாளக்கூடிய வழக்கில்லை என்று உணர்ந்து எஃப்.பி.ஐ.யை அழைத்தார்.

அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களில் ஒரு கறுப்பர் கொல்லப்பட்ட வழக்கில் உள்ளூர் ஷெரிஃப் இப்படி நடந்துகொண்டது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை விளங்கிக்கொள்ள, பத்து ஆண்டுகள் முன்னால் பக்கத்து ஊருக்குப் போக வேண்டும்.

ஹெம்ஃபில், 1987

ஜாஸ்பருக்கு வடக்கே, அடுத்த கவுண்டியில் இருக்கிறது ஹெம்ஃபில். 1987 கிறிஸ்துமஸ் இரவில் லூசியானாவைச் சேர்ந்த லாயல் கார்னர் என்ற கறுப்பின லாரி ஓட்டுநர் அங்கே கைது செய்யப்பட்டார். குடித்துவிட்டு ஓட்டினார் என்பது குற்றச்சாட்டு. லாக்கப்பில் இருந்தபடி, மனைவிக்குத் தகவல் சொல்ல ஒரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதி கேட்டு அவர் கதவைத் தட்டினார். அதற்காகக் காவல்துறைத் தலைவரும் இரண்டு காவலர்களும் சேர்ந்து அவரை அடித்தார்கள். நினைவிழந்து டைலர் நகர மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே இறந்தார்.

ஹெம்ஃபில்லில் நடந்த முதல் விசாரணையில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். உயிர் பிரிந்த இடம் டைலர் என்ற ஒரே காரணத்தால் அந்த நகரின் அரசு வழக்கறிஞர்கள் கொலை வழக்குத் தொடர முடிந்தது. 1990இல்தான் தண்டனை கிடைத்தது. கார்னர் ஹெம்ஃபில்லிலேயே இறந்திருந்தால் அந்தக் கதை முதல் விடுதலையோடு முடிந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

கிழக்கு டெக்சாஸின் கறுப்பின மக்கள் இந்த நினைவோடுதான் 1998 ஜூன் மாதத்தைக் கடந்தார்கள். கைது நடந்துவிட்டது. ஆனால் கைது வேறு, தண்டனை வேறு என்று அவர்கள் அறிந்திருந்தார்கள்.

ஜாஸ்பர் தன்னைப் பற்றி நினைத்திருந்தது

ஜாஸ்பரின் மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 8,000. அதில் கறுப்பின மக்கள் பாதியை நெருங்கினர். மரம்தான் பிழைப்பு: மரம் வெட்டுதல், அறுப்பு ஆலை, லாரி. மேயர் ஆர்.சி. ஹார்ன் கறுப்பினத்தவர். ஊரின் வேறு சில முக்கியப் பொறுப்புகளிலும் கறுப்பினத்தவர் இருந்தனர். தெற்கே கொஞ்ச தூரத்தில் வைடர் என்ற ஊர். அங்கே 1993இல் அரசுக் குடியிருப்பில் குடியேற வந்த சில கறுப்பினக் குடும்பங்களைத் தொல்லை கொடுத்தே விரட்டியிருந்தார்கள். அதைக் காட்டி, 'நாங்கள் வைடர் போல இல்லை' என்று ஜாஸ்பர் சொல்லிக்கொள்ள முடிந்தது.

அது பொய்யும் இல்லை. அதனால்தான் இந்தக் கொலை அந்த ஊரை அப்படிக் குலுக்கியது. செய்தி வெளியான சில நாள்களில் தொலைக்காட்சி வண்டிகள் நீதிமன்றச் சதுக்கத்தை நிறைத்தன. உலகின் பார்வையில் ஜாஸ்பர் என்றால் அந்தச் சங்கிலி என்று ஆகிவிட்டது. வெள்ளையர்கள் பலரின் முதல் கவலை ஊரின் பெயர் கெட்டுப்போனது பற்றியதாக இருந்தது. கறுப்பர்களின் முதல் கவலை, இரவில் பிள்ளைகளை எப்படி வெளியே அனுப்புவது என்பது. இரண்டு துயரங்களும் ஒரே தெருவில் வாழ்ந்தன. இரண்டும் ஒரே எடை உடையவை என்று பேசுவோரை என்னால் ஏற்க முடியவில்லை.

ஜூன் 13 அன்று அடக்கம். ஜெஸ்ஸி ஜாக்சன், அல் ஷார்ப்டன் போன்ற கறுப்பினத் தலைவர்கள் வந்தனர். பேர்டின் பெற்றோரான ஸ்டெல்லாவும் ஜேம்ஸ் பேர்ட் சீனியரும் அந்த ஊரின் தேவாலயத்தில் ஆழ வேரூன்றியவர்கள். பழிவாங்கும் சொல் ஒன்றும் தங்கள் வீட்டிலிருந்து வரக் கூடாது என்பதில் அவர்கள் உறுதியாக இருந்தார்கள். கிங்கின் வளர்ப்புத் தந்தை ரொனால்ட் கிங், மூச்சுத் திணறலோடு வாழ்ந்த முதியவர், தான் வளர்த்த பிள்ளை இதைச் செய்ததற்காக வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினார்.

ஜூன் 27 அன்று க்ளான் ஆட்கள் வெள்ளை அங்கி போட்டுக்கொண்டு நீதிமன்றத்தின் முன் கூட்டம் போட்டார்கள். அவர்களை எதிர்க்கப் புதிய கருஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின அமைப்பினர் துப்பாக்கிகளோடு வந்தார்கள். இரு தரப்பும் வர வேண்டாம் என்று பேர்ட் குடும்பம் கேட்டும் யாரும் கேட்கவில்லை. நடுவில் போலீஸ் வரிசை நின்றது. ஊர் மக்களில் பெரும்பாலானோர் வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டார்கள்.

முதல் வேலி

தேவாலயங்களிலும் மன்றங்களிலும் கூட்டங்கள் நடந்தன. வெள்ளையரும் கறுப்பரும் எதிரெதிரே உட்கார்ந்து, அதுவரை ஒருவரிடம் ஒருவர் சொல்லாததைச் சொன்னார்கள். அப்போது பேச்சுக்கு வந்தது ஊர் இடுகாடு.

ஜாஸ்பர் நகர இடுகாட்டின் ஊடாக ஓர் இரும்பு வேலி ஓடியது. ஒரு பக்கம் வெள்ளையரின் கல்லறைகள், மறுபக்கம் கறுப்பரின் கல்லறைகள். ஜேம்ஸ் பேர்டைப் புதைத்ததும் அந்த இடுகாட்டில்தான். செத்த பிறகும் பிரித்துவைக்கும் கோடு என்ன செய்யும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஜாஸ்பரில் அதைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. அங்கே பிறந்து வளர்ந்த எவருக்கும் அந்த வேலி இல்லாத இடுகாடு நினைவில் கிடையாது. பார்த்துப் பார்த்துப் பழகி, கண்ணில் படாமலே போய்விட்ட பொருள் அது.

1999 ஜனவரியில், கிங்கின் வழக்குக்கு ஜூரிகளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்பு, அந்த வேலியைப் பிடுங்கி எடுத்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் கூடி நின்று பிரார்த்தனை செய்தார்கள். கேமராக்களுக்காகச் செய்தது என்று அன்றே சிலர் சொன்னார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். யாரும் கேட்காதபோது நிற்கவிட்டதைக் கேட்டபோதாவது எடுத்தார்கள். ஆனால் அதை எடுக்க ஓர் உயிர் அந்த விதத்தில் போக வேண்டியிருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

வழக்கு

அரசுத் தரப்பு வழக்கறிஞர் கை ஜேம்ஸ் கிரேக்கு முன்னால் இருந்த சிக்கல் வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குப் புரிந்திருக்காது. கொலையை மெய்ப்பிப்பது கடினமாக இருக்கவில்லை. மூவரின் காலணிகளிலும் பேர்டின் ரத்தம் இருந்ததை டி.என்.ஏ. சோதனை காட்டியது. லைட்டர் இருந்தது, ஸ்பேனர் இருந்தது, புதைத்து வைத்த சங்கிலியும் கிடைத்தது. ஆனால் டெக்சாஸ் சட்டப்படி வெறும் கொலைக்கு மரண தண்டனை கிடையாது. கொலையோடு வேறொரு கடுங்குற்றமோ சட்டம் பட்டியலிட்ட வேறொரு சூழலோ சேர்ந்திருக்க வேண்டும். இன வெறுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. கடத்தல் இருந்தது.

பேர்ட் தானாக வண்டியில் ஏறியவர். அப்படியானால் கடத்தல் எங்கே தொடங்கியது? கட்டி இழுக்கப்பட்டபோது அவருக்கு உயிர் இருந்தது என்றால் அந்த இழுப்பே கடத்தல். ஏற்கெனவே இறந்திருந்தார் என்றால் சட்டத்தின் கண்ணில் அது பிணத்தை இழுத்தது. இதில் பிரேதப் பரிசோதனை மருத்துவர் டாமி பிரவுனின் சாட்சியம்தான் தீர்மானமாக அமைந்தது. பேர்டின் முழங்கைகள் எலும்பு தெரியுமளவு தேய்ந்திருந்த விதத்தை அவர் காட்டினார். தலை தரையில் படாதபடி முழங்கைகளை ஊன்றித் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஒரு பக்கம் தேய்ந்து வலி தாங்காதபோது மறுபக்கம் திரும்பியிருக்கிறார். மதகின் கான்கிரீட் விளிம்பில் மோதும் வரை உயிர் இருந்தது என்றார் மருத்துவர்.

அந்த நீதிமன்றத்தில் பேர்டின் தாயும் தந்தையும் உடன்பிறந்தவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். சட்டத்தின் ஓர் உட்பிரிவு நிறைவேற, தங்கள் பிள்ளை எவ்வளவு நேரம் வலி தாங்கினான் என்பதை அவர்கள் கேட்டாக வேண்டியிருந்தது. இந்த வழக்கைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நான் இங்கேயே நின்றுவிடுகிறேன்.

கிங்கின் உடலெங்கும் பச்சை குத்தியிருந்தது. நாஜிச் சின்னங்கள், மரத்தில் தூக்கிலிட்ட கறுப்பரின் உருவம். விசாரணைக் கைதியாக இருந்தபோது அவன் புரூவருக்கு எழுதிய கடிதம் பிடிபட்டது. முடிவு எதுவானாலும் நாம் வரலாறு படைத்துவிட்டோம் என்று அதில் பெருமை பேசியிருந்தான். வெள்ளை இனவெறிக் குழு ஒன்றின் கிளையை ஜாஸ்பரில் தொடங்க அவன் திட்டமிட்டிருந்தான். விதிமுறைகள்கூட எழுதி வைத்திருந்தான். ஆள் சேர்க்க ஒரு பெரிய செயல் தேவைப்பட்டது, அதற்காகத்தான் இந்தக் கொலை என்பது அரசுத் தரப்பின் வாதம்.

ஜூரியில் பதினொரு வெள்ளையர், ஒரு கறுப்பர். தங்கள் தலைவராக அந்தக் கறுப்பரையே தேர்ந்தெடுத்தார்கள். 1999 பிப்ரவரி 23 அன்று கிங் குற்றவாளி என்று அறிவிக்க அவர்களுக்கு மூன்று மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. இரண்டு நாள் கழித்து மரண தண்டனை. கறுப்பரைக் கொன்ற வெள்ளையருக்கு அந்தத் தண்டனை விதிக்கப்படுவது டெக்சாஸில் மிக மிக அபூர்வம். செப்டம்பரில் பிரையன் நகரில் புரூவருக்கும் அதே தண்டனை. நவம்பரில் பெர்ரிக்கு ஆயுள் தண்டனை. 2038இல்தான் அவன் பரோல் கேட்க முடியும்.

மூன்று வழக்குகளின் செலவு அந்தச் சின்ன கவுண்டிக்குப் பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. அதை ஈடுகட்ட சொத்து வரியை உயர்த்தினார்கள். நீதிக்கு அந்த ஊர் உண்மையாகவே பணம் கட்டியது.

வண்டியை ஓட்டியவன்

கிங்கும் புரூவரும் பீட்டோ என்ற சிறையில் சந்தித்தவர்கள். திருட்டு வழக்குகளில் உள்ளே போனவர்கள். அந்தச் சிறையில் கைதிகள் இனவாரியாகக் கூட்டம் பிரிந்திருப்பார்கள். கூட்டத்தில் சேராதவனுக்குப் பாதுகாப்பு இல்லை. இருவரும் க்ளான் சார்ந்த ஒரு குழுவில் சேர்ந்தார்கள். பச்சைகள் அங்கே குத்தப்பட்டவை. 1997இல் வெளியே வந்தார்கள்.

ஜாஸ்பருக்கு இது ஆறுதலான விளக்கமாக அமைந்தது. வெறுப்பு சிறையிலிருந்து வந்தது, ஊரிலிருந்து வரவில்லை. இதில் உண்மை உண்டு. டெக்சாஸ் சிறைகள் எதை வளர்த்தன என்ற கேள்வியை அன்றே இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

ஆனால் ஷான் பெர்ரி? அவன் உடலில் இனவெறிப் பச்சை எதுவும் இல்லை. எந்தக் குழுவிலும் உறுப்பினன் இல்லை. அவனுக்குக் கறுப்பின நண்பர்கள் இருந்தார்கள். அவன் இனவெறியன் இல்லை என்று வழக்கில் சாட்சி சொல்லவும் ஆள்கள் இருந்தார்கள். ஊரார் டிக்கெட் வாங்கிய திரையரங்கை நடத்தியவன். பேர்டை முன்பே அறிந்தவன். வண்டி அவனுடையது. தான் பயந்து போயிருந்ததாகவும் மற்ற இருவரும்தான் எல்லாம் செய்தார்கள் என்றும் சொன்னான். மறுநாள் அந்த வண்டியைக் கழுவியதும் அவன்தான்.

பேர்டை வண்டியில் ஏறவைத்தது அந்தப் பழகிய முகம் என்றுதான் நான் எண்ணுகிறேன். கிங்கின் தோலைப் பார்த்த எவரும் 'இவன் வேறு பிறவி' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். பெர்ரியைப் பார்த்து அப்படி நகர முடியாது. அவன் நம் வீட்டுப் பையன் மாதிரி இருக்கிறான். கூட வந்தவர்கள் ஒரு மனிதரைச் சங்கிலியில் கட்டும்போது, கதவைத் திறந்து ஓடாமல், அடுத்த வீட்டைத் தட்டி உதவி கேட்காமல், விடிந்த பிறகும் காவல் நிலையம் போகாமல் இருக்க அவனுக்கு எப்படி முடிந்தது? பழக்கத்தால் கண்ணில் படாத வேலியைப் பற்றி மேலே எழுதினேன். ஒரு கறுப்பரின் உயிரைத் தன் உயிருக்கு நிகராகக் கருதும் பழக்கம் தனக்கு இல்லை என்பது அந்த இரவு வரை பெர்ரியின் கண்ணிலேயே பட்டிருக்காது. அது சிறையில் கற்றதில்லை. ஊரிலேயே வளர்ந்தது.

ஜாஸ்பரின் கூட்டங்களில் கிங்கைப் பற்றி மணிக்கணக்கில் பேச முடிந்தது. பேச வேண்டியிருந்தது பெர்ரியைப் பற்றி.

ஒரு பெயர் சட்டமானது

டெக்சாஸில் 1993 முதலே வெறுப்புக் குற்றச் சட்டம் ஒன்று இருந்தது. எந்தப் பிரிவினரைக் காக்கிறது என்றே சொல்லாத மழுப்பலான சட்டம். அதைத் திருத்த பேர்டின் பெயரில் கொண்டுவந்த மசோதா 1999இல் கீழவையில் நிறைவேறி மேலவையில் செத்தது. பேர்டின் மகள் ரெனே மல்லின்ஸ் அப்போதைய ஆளுநர் ஜார்ஜ் புஷ்ஷை நேரில் சந்தித்துக் கேட்டும் அவர் ஆதரவு தரவில்லை. 2000ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தல் விவாதத்தில் இது பற்றிக் கேட்டபோது, அந்த மூன்று பேருக்கும் மரணம்தான் காத்திருக்கிறது, அதைவிடக் கடுமையாக என்ன செய்ய முடியும் என்ற பொருளில் புஷ் பேசினார். மூவரில் ஒருவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்து ஓராண்டு ஆகப்போகும் நேரம் அது. தன் மாநிலத்தின் மிகப் பெரிய வழக்கின் தீர்ப்பே தவறாக இருந்தது அவர் பேச்சில்.

அடுத்த ஆளுநர் ரிக் பெரி 2001 மே மாதம் ஜேம்ஸ் பேர்ட் சட்டத்தில் கையெழுத்திட்டார். கூட்டாட்சி அளவில் மேலும் எட்டு ஆண்டுகள் ஆயின. 1998 அக்டோபரில் வயோமிங்கில் தன்பாலின ஈர்ப்பாளர் என்பதற்காகக் கொல்லப்பட்ட மாணவர் மேத்யூ ஷெப்பர்டின் பெயரையும் பேர்டின் பெயரையும் தாங்கிய சட்டத்தில் ஒபாமா 2009 அக்டோபர் 28 அன்று கையெழுத்திட்டார். அதற்கு முன்பு, பாதிக்கப்பட்டவர் வாக்களிப்பது, பள்ளிக்குப் போவது போன்ற குறிப்பிட்ட செயலில் இருந்தால்தான் மத்திய அரசு தலையிட முடியும். நள்ளிரவில் வீட்டுக்கு நடப்பது அந்தப் பட்டியலில் இல்லை. இந்தத் தடையைப் புதிய சட்டம் நீக்கியது.

ஸ்டெல்லா பேர்ட் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார். தண்டனை நிறைவேறுவதைப் பார்க்கவில்லை. 2010இல் காலமானார்.

புரூவருக்கு 2011 செப்டம்பர் 21 அன்று விஷ ஊசி போடப்பட்டது. வருத்தம் எதுவும் இல்லை, மறுபடி செய்யச் சொன்னாலும் செய்வேன் என்று அதற்குச் சற்று முன்பு ஒரு தொலைக்காட்சிக்குச் சொல்லியிருந்தான். அதே இரவில் ஜார்ஜியாவில் டிராய் டேவிஸ் என்ற கறுப்பருக்கும் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சாட்சிகள் பலர் சொல் மாறியும், உலகெங்கும் மன்றாடியும் அவரை விடவில்லை. பேர்டின் மகன் ராஸ், தந்தையைக் கொன்றவர்களின் உயிரை அரசு எடுப்பதை எதிர்த்தார். கொலையைக் கொலையால் எதிர்கொள்ள முடியாது என்றார். கிங்குக்காக நடந்த பிரார்த்தனையிலும் கலந்துகொண்டார். குடும்பத்தில் எல்லோரும் அவர் பக்கம் இல்லை. கிங்குக்கு 2019 ஏப்ரல் 24 அன்று தண்டனை நிறைவேறியபோது பேர்டின் சகோதரிகள் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தார்கள். அவன் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது வேலி

2011இல் ஜாஸ்பர் தன் முதல் கறுப்பினக் காவல்துறைத் தலைவரை நியமித்தது. ராட்னி பியர்சன், முன்பு மாநில நெடுஞ்சாலைக் காவலராக இருந்தவர். நியமனம் ஊரை இரண்டாகப் பிளந்தது. நகர மன்றத்தில் அவருக்கு வாக்களித்த கறுப்பின உறுப்பினர்கள் சிலர், பதவியில் இருப்பவரை வாக்காளர்கள் திரும்ப அழைக்கும் தேர்தலில் பதவி இழந்தார்கள். புதிய மன்றம் 2012இல் பியர்சனைப் பதவியிலிருந்து நீக்கியது. அவர் வழக்குத் தொடர்ந்தார். அதற்கு அடுத்த ஆண்டு, அபராதம் கட்டாததற்காகக் கைதான ஒரு கறுப்பினப் பெண்ணை இரண்டு வெள்ளைக் காவலர்கள் மேசையில் மோதி, காலைப் பிடித்து லாக்கப்புக்கு இழுத்துச் சென்ற காட்சி நிலையத்தின் கேமராவிலேயே பதிவாகி வெளியே வந்தது. இருவரும் வேலை இழந்தார்கள்.

பேர்ட் குடும்பம் தங்கள் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, பள்ளிகளிலும் தேவாலயங்களிலும் பேசியது. ஊரில் அவர் பெயரில் ஒரு பூங்கா இருக்கிறது.

2004ஆம் ஆண்டு மே மாதம் இடுகாட்டில் பேர்டின் கல்லறைக் கல்லைச் சாய்த்து, அதில் இனவசைகளைக் கீறியிருந்தார்கள். பிடிபட்டவர்கள் இரண்டு வெள்ளை இளைஞர்கள், பதின்ம வயதுக்காரர்கள். கொலை நடந்தபோது அவர்கள் சிறுவர்கள்.

அதே இடுகாட்டில் இன்று பேர்டின் கல்லறையைச் சுற்றி ஒரு வேலி நிற்கிறது. மீண்டும் யாரும் கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது. நான்கு பக்கமும் இரும்பு.